நங்கை முடி இறக்கும் வரை

பெண்களுக்கு முடி கொட்டினால் எங்கள் பக்கத்தில் முதலில் தண்ணீரைத்தான் குறை சொல்வார்கள், டாக்டர். போர்த் தண்ணீர் ஒரே உப்பு, சீயக்காய் போட்டாலும் சிக்குப் போகாது என்பார்கள். எருமப்பட்டியில் எந்த விசேஷ வீட்டில் நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தாலும் பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும். நானும் சின்ன வயதில் அதை நம்பியிருந்தேன். ஆனால் அதே தண்ணீரில் குளித்த எனக்கு முழங்கால் வரைக்கும் முடி இருந்தது.

அண்ணன் பிள்ளை கதிர்வேலுக்கு வீட்டில் என்ன கொடுத்து வளர்த்தோம் என்று கேட்டீர்கள். ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது, காரணம் பிடிபடவில்லை, இப்படியே விட்டால் பிள்ளை சாயங்காலம் வரைக்கும் தாங்குவானா என்று தெரியாது என்றீர்கள். அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டதும் நல்லதுதான். நான் அதிகம் பேசிப் பழகாதவள். ஒறம்பரை, விருந்தாளி என்று யார் வந்தாலும் அடுப்படிக்குள் போய்விடுவேன். அதனால் என்னை அவசரப்படுத்தாமல் கேளுங்கள். அவன் என்ன சாப்பிட்டான் என்பதைச் சொல்ல முடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

எங்களுடையது முட்டைக்கோழிப் பண்ணை. அப்பா இல்லை. அண்ணன் தனபால்தான் எல்லாம் பார்த்துக்கொள்கிறார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். பெயர் சத்யபிரியா, திருச்செங்கோட்டுக்காரர். கல்யாணமாகி மூன்று வருடம் அவருக்குக் கரு தங்கவில்லை. நாமக்கல்லில் பார்த்தார்கள், ஈரோட்டில் பார்த்தார்கள். ஒரு நாள் பழனிக்குப் போய்விட்டு வந்து அடுப்படி வாசலில் நின்றுகொண்டு சந்தோஷமாகச் சொன்னார்.

“பழனியாண்டவருக்கு வேண்டிட்டு வந்துட்டனுங்க அத்தை. இந்தத் தடவ தங்குச்சுன்னா நம்ம பாப்பா முடிய எறக்கறம்னு.”

அம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் திரும்பினாள். “அதென்ன கணக்கு? புள்ள உனக்கு, முடி அவளுதா?”

“எம்முடி எலி வாலாட்டம் கெடக்குதுங்க. சாமிக்குக் குடுக்கறது ஊட்ல இருக்கறதுலயே நல்லதாப் பாத்துக் குடுக்க வேண்டாமுங்களா?”

அம்மா சிரித்துவிட்டாள். பாப்பா என்றால் நான்தான், அங்கேயே வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். அது வேறு விஷயம்.

கரு தங்கியது. மூன்று மாதம் தாண்டியதும் எல்லோரும் காரில் பழனிக்குப் போனோம். அடிவாரத்து முடிக்கொட்டகையில் முடி எடுப்பவர் என் பின்னலைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, “பூமுடிங்களா? வயசுப் புள்ளைங்க அதுதான் குடுப்பாங்க. மூணு கத்திரி போட்டா முடிஞ்சுது” என்றார். எனக்கு உயிர் வந்தது. நங்கை குனிந்து அவரிடம், “வேண்டுனது முழுசுங்க. சாமி கடன்ல கொறை வெக்கக் கூடாது” என்றார். அப்போது ஒரு கையை வயிற்றின்மேல் வைத்திருந்தார்.

முடி மடியில் விழும்போது கனமாக இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நங்கைதான் தன் கையால் என் தலைக்குச் சந்தனம் பூசிவிட்டார். “எத்தன அழகா இருக்குது பாருங்க நம்ம பாப்பா, முருகனாட்டவே” என்று அண்ணனிடம் காட்டினார்.

நான் அப்போது பிளஸ் ஒன், அறிவியல் பிரிவு. நாமக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் படித்தேன். கோழிப்பண்ணை ஊரில் மொட்டைத் தலைக்கு என்ன பெயர் வைப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். முட்டை என்றார்கள். ஒரு நாள் என் பெஞ்சின் மேல் காலி முட்டை அட்டையை வைத்து, “உங்காருங்க, உங்க எடந்தான்” என்று ஒருவன் வழிவிட்டான். டீச்சருக்கே சிரிப்பு வந்து, இருமலாக மாற்றிக்கொண்டார். நங்கை விஷயம் தெரிந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து தலைமையாசிரியரிடம் சண்டை போட்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். நான் போவதை நிறுத்திக்கொண்டேன்.

“முடி மொளைக்கட்டும் பாப்பா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்” என்றார் அண்ணன். அடுத்த வருடம் கதிர் பிறந்திருந்தான். நங்கைக்குப் பண்ணையில் வேலை. குழந்தையைத் தூக்கிக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். நான் படிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை, டாக்டர். அப்படி ஒரு பேச்சே பிறகு வரவில்லை.

குழந்தைக்கு நாலு மாதம் ஆனபோது நங்கைக்கு முடி கொட்ட ஆரம்பித்தது. பிள்ளை பெற்றவர்களுக்கு அது வருவதுதான், தானாக நின்றுவிடும் என்று நாமக்கல் டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் குளியலறைச் சல்லடையில் சுருண்டு கிடக்கும் முடியைப் பார்த்து அவர் பயந்துபோனார். குழந்தையின் மூடிய கைக்குள் கூட இரண்டு இழை இருக்கும். “பாப்பா, உன் போன்ல பாரு. எதுனால இப்படிக் கொட்டுதுன்னு பாரு” என்று என்னிடம்தான் வந்து நின்றார்.

பார்த்தேன். நிறையக் காரணங்கள் இருந்தன. இரும்புச் சத்துக் குறைந்தால் கொட்டும். தைராய்டு கூடினாலும் குறைந்தாலும் கொட்டும். பிள்ளைப்பேறு, கவலை, இறுக்கிப் பின்னுவது, சரியாகச் சாப்பிடாதது. அவருக்கு வாசித்துக் காட்டினேன். வாசிக்க வாசிக்க எனக்கு ஒன்று தோன்றியது. கொட்டுவதற்கு இத்தனை காரணங்கள் இருக்கும்போது, அதில் ஒன்று யாருடைய கையிலாவது இருந்தால் அதை யாரும் தேடிக் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

என் கையில் இருந்தது முட்டை. எங்கள் பண்ணைக்கு வரும் கோழி டாக்டர் செங்கோட்டையன் ஒரு தடவை, அண்ணன் முட்டையைத் தட்டிப் பச்சையாக வாயில் ஊற்றிக்கொள்வதைப் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

“அதை அவிச்சுத் தின்னுங்க தனபாலு. பச்சை வெள்ளைக்கரு பயோட்டின்ங்கற சத்தைப் புடிச்சு வெச்சுக்கும், ஒடம்புல சேர உடாது. தீவனத்துல பயோட்டின் கொறைஞ்சா கோழிக்கு றெக்கை கொட்டுதுல்ல, அதாட்ட உங்களுக்கும் கொட்டும்.”

“இனிமே கொட்டறதுக்கு என்னுங்க இருக்குது?” என்று அண்ணன் தொப்பியைக் கழற்றிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். நான் வீட்டுக்குள் போய் அதைப் படித்தேன். அவர் சொன்னது உண்மைதான்.

நங்கையிடம், பச்சை முட்டையின் வெள்ளைக்கரு முடிக்கு நல்லது என்று சொன்னேன். பண்ணை வீட்டில் கீறல் விழுந்த முட்டைக்கு என்ன பஞ்சம்? மோரில் கலந்து நான்தான் தினமும் காலையில் கொடுப்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டே குடித்துவிட்டு, “நீ இல்லீன்னா எனக்கு ஆரு இருக்கறா அம்மணி?” என்பார். மஞ்சள் கருவை நான் அண்ணனுக்கு ஆம்லெட் போட்டுவிடுவேன். எதையும் வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

நிற்க வேண்டிய முடி உதிர்வு நிற்கவில்லை. மாதம் போகப் போக வகிடு அகலமானது. உதட்டோரம் வெடித்தது. கண்ணைச் சுற்றித் தோல் உரிந்தது. சாயங்காலமானால் காரணமில்லாமல் அழுவார். ஒரு நாள் நான் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது சீப்பில் வந்ததைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

“உம்முடிய வாங்கிக் குடுத்த பாவந்தான் பாப்பா எனக்குக் கொட்டுது.”

“அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க நங்கை. தண்ணி சேரல உங்களுக்கு” என்றேன்.

அது மன்னிப்புக் கேட்பது மாதிரி இருந்தது என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் முடி போனதால்தான் என் முடி ஞாபகம் வந்தது. இருந்தாலும் அன்றைக்கு அதோடு விட்டுவிடலாம் என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

அதற்குள் அண்ணன் அவரைச் சேலத்தில் ஒரு தோல் டாக்டரிடம் காட்டிவிட்டார். ரத்தத்தில் இரும்பும் சரி, தைராய்டும் சரி என்று வந்தது. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை அட்டையைப் பார்த்தேன். பயோட்டின். காரணம் தெரியாமலே மருந்தைக் கண்டுபிடித்துவிட்டார். மோரும் குடிக்கச் சொல்லித்தான் பார்த்தேன், மாத்திரையின் வீரியத்துக்கு முன்னால் அது நிற்கவில்லை. இரண்டு மாதத்தில் வகிட்டு ஓரத்தில் புதுமுடி அரும்பு விட்டது. நங்கை கண்ணாடி முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பார். தலைக்கு எண்ணெய் வைத்துவிடும்போது அந்த அரும்புகள் என் விரலில் குத்தும்.

அப்போதுதான் ஒன்று புரிந்தது. நான் வேண்டியது அதுவே இல்லை. முடி கொட்டினால் எல்லோரும் பாவம் என்பார்கள். ஆளுக்கொரு எண்ணெய் சொல்வார்கள். எனக்கு நடந்தது அப்படி இல்லையே. என்னை யாரும் பாவம் என்று சொல்லவில்லை, அழகாக இருக்கிறது என்றார்கள். வேறொருவர் வாயால் வேண்டிக்கொண்டு, நாலு பேர் முன்னால் உட்கார வைத்து, நல்ல முடியாகப் பார்த்து எடுத்தார்கள். அதற்குப் பதில் அதுதான். நங்கையின் முடியை வேறொருவர் வேண்டிக்கொள்ள வேண்டும். அதற்கு முதலில் அது நன்றாக வளர வேண்டும். அதனால் மோரை நிறுத்திவிட்டேன். எண்ணெய் காய்ச்சி வைத்துவிட்டேன். கரிசலாங்கண்ணி, செம்பருத்தி எல்லாம் போட்டுக் காய்ச்சினேன். ஒன்றரை வருடத்தில் இடுப்புக்கு வந்துவிட்டது, முன்பை விட அடர்த்தியாக. அந்த விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

ஆனால் சும்மா யாரும் வேண்டிக்கொள்வதில்லை, டாக்டர். வேண்டுதல் வைக்க வீட்டில் ஒரு கஷ்டம் வேண்டும்.

நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டீர்கள். எழுதுங்கள், இனிமேல்தான் நீங்கள் கேட்டது வருகிறது.

கதிருக்கு மசித்த வாழைப்பழத்திலும், ஆற வைத்த பாலிலும் கலந்து கொடுத்தேன். சூடு பட்டால் அதன் குணம் போய்விடும் என்பதால் எல்லாம் ஆறிய பிறகுதான் கலப்பேன். வெள்ளைக்கருவுக்கு வாசனை கிடையாது. அவன் என்னிடம் மட்டும்தான் அடம்பிடிக்காமல் சாப்பிடுவான். என் தோளில் வாயைத் துடைத்துக்கொள்வான். எனக்கு அவன்மேல் ஒரு கோபமும் இல்லை. சொல்லப்போனால் என் முடியைக் கொடுத்து வாங்கிய பிள்ளை, அதனால் அவனிடம் எனக்கு ஒரு பாத்தியம் இருப்பதாகவே நினைத்திருந்தேன்.

முதலில் வாயைச் சுற்றிச் சிவந்தது. எச்சில் புண் என்றார்கள். பிறகு புருவம் உதிர்ந்தது, உச்சந்தலை வழுக்கையானது. ஓடியாடிக்கொண்டிருந்தவன் நடப்பதையே விட்டுவிட்டான். உட்கார வைத்தால் துணி மாதிரி ஒரு பக்கம் சரிவான். கிரீம் கொடுத்தார்கள், சொட்டு மருந்து கொடுத்தார்கள். பால் மாற்றச் சொன்னார்கள். மாற்றினோம்.

அம்மா ஒரு நாள் வாசலில் உட்கார்ந்து அழுதபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “வேண்டிக்கங்கம்மா” என்றேன்.

“என்னத்த சாமி வேண்டறது? பெத்ததுக்கே அவ உம்முடியக் குடுத்தாச்சு.”

“அதனாலதாம்மா. அடுத்தவ முடியக் குடுத்து வாங்குன புள்ளைன்னு சாமிக்குக் கோவமாட்ட இருக்குது. அவங்க முடியவே எறக்கறம்னு வேண்டுங்க. கொணமான பொறகுன்னு வேண்டாம், முன்னாடியே எறக்கோணும்.”

 நான் இவ்வளவு பேசி அம்மா கேட்டதில்லை. எழுந்துபோய் மஞ்சள் துணியில் காசு முடிந்தாள்.

அம்மா நங்கையிடம் சொன்னபோது நான் நங்கையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பின்னலை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: “முடிதானுங்களே அத்தை? இப்பவே வேணும்னாலும் கத்திரிய எடுத்துட்டு வாங்க.”

சொல்வது சுலபம். மறுநாளே போயிருக்கலாம் இல்லையா? போகவில்லை. அண்ணன் வண்டியை எடுக்கும் போதெல்லாம், “இவனை இப்படி உட்டுட்டு நான் எங்கயும் வரலீங்க. சித்த தலை நிக்கட்டும், தூக்கிட்டே போலாம். நானும் அவனும் ஒண்ணா மொட்ட போட்டுக்கறம்” என்பார். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு ராத்திரி பகல் உட்கார்ந்திருப்பார். ஆடிக் கிருத்திகை போனது. ஐப்பசியில் சஷ்டியும் போனது. பார்ப்பவர்களுக்கு அது பிள்ளைப் பாசம் மாதிரிதான் தெரியும். நான் பக்கத்திலிருந்து பார்த்தவள். மடியில் பிள்ளை, பின்னால் இடுப்பு வரை பின்னல்.

நான் நடுவில் நிறுத்தியிருக்கலாம் என்று சொல்வீர்கள். நிறுத்தினால் அவன் தேறியிருப்பான். காரியம் ஆனபிறகு சாமி ஞாபகம் யாருக்கு இருக்கும்? முழு மொட்டைதான் என்று நானே வாய்விட்டுச் சொல்லும் ஆளும் இல்லை. நங்கை மூன்று கத்திரி பூமுடியோடு முடித்துக்கொண்டு வந்திருப்பார். அதனால் அவர் தள்ளிப்போடப் போட நானும் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. இத்தனை மாதம் ஆனது என்னால் இல்லை.

முந்தாநாள் அவனுக்கு வலிப்பு வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. கண் மேலே சொருகி, ஒரு கை மட்டும் இழுத்தது. நாமக்கல்லில் பார்த்துவிட்டு இங்கே அனுப்பினார்கள். ஆம்புலன்ஸில் நங்கை அவன் வாயில் விரலை வைத்தபடியே வந்தார், கடித்ததில் ரத்தம் வந்தது. நேற்று உள்ளே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவனைப் படுக்க வைத்த பிறகு நான் அவர் காதோரம் போய்ச் சொன்னேன். “சாமி கடன் நிக்குதுங்க நங்கை. நீங்க போயிட்டு வந்துருங்க. நான் இருக்கறேன்ல.”

அவர் கண்ணாடியை விட்டு வரவில்லை. இன்றைக்கு விடியும்போது அண்ணன் கையைப் பிடித்து இழுத்துத்தான் காரில் ஏற்றினார். கார் கிளம்பிய பிறகும் நங்கை கண்ணாடியை இறக்கி, “பாப்பா, அவன் கண்ணு முழிச்சா ஒடனே போன் பண்ணு, எங்க இருந்தாலும் திரும்பி வந்தர்றன்” என்று சொல்லிக்கொண்டே போனார்.

அவ்வளவுதான், டாக்டர். நீங்கள் தேடிய காரணம் இதுதான். வேறு நோய் ஒன்றும் அவனுக்கு இல்லை. நங்கைக்குக் கொடுத்த அதே மருந்தை அவனுக்குக் கொடுத்தால் போதும், சீக்கிரமே தெளிந்துவிடுவான் என்று படித்திருக்கிறேன். அவனுக்கு ஏதாவது ஆக வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. நினைத்திருந்தால் நீங்கள் கேட்டதும் இப்படி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொல்வேனா? போலீஸைக் கூப்பிடுவதானால் கூப்பிடுங்கள். நான் எங்கும் போக மாட்டேன்.

எழுந்திருக்காதீர்கள், ஒரு நிமிடம். நர்ஸைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது தாராபுரம் தாண்டியிருப்பார்கள். முடி இறக்கியதும் அண்ணன் போன் செய்வார், முழு மொட்டையா என்று நான் கேட்டுக்கொள்கிறேன். அதற்குப் பிறகு மருந்தைப் போடுங்கள். மதியத்துக்குள் ஆகிவிடும், நீங்களே சாயங்காலம் வரைக்கும் என்றுதானே சொன்னீர்கள். இப்போதே போட்டு அவன் கண்ணைத் திறந்துவிட்டால், அம்மா வெளியிலிருந்து போனில் சொல்லிவிடுவாள், நங்கை பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொல்லிவிடுவார். அவரை எனக்குத் தெரியும், டாக்டர். பெற்ற பிள்ளையை விட அவருக்கு முடிதான் பெரிது.